மூணு வண்டி ரோட்டுல இருக்கு

அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது லாரிகளைப் பற்றி. அறுவை சிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது போனையும் நீல அட்டை நோட்டையும் என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள்:

"மூணு வண்டி ரோட்டுல இருக்கு. போன் அடிச்சா ரெண்டாவது மணிக்குள்ள எடுத்துடு."

அவ்வளவுதான். அப்பாவைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பீரோ சாவி இன்ன இடத்தில் இருக்கிறது, ஒன்றும் கிடையாது. கதவு மூடிக்கொண்டது. நான்கு மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மா போய்விட்டாள். வண்டி மூன்றும் ரோட்டிலேயே இருந்தன.

இது அந்த மூன்று வண்டிகளின் கதை. அம்மாவின் கதையும் அதுதான். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. அமிலம், தின்னர், சலவைத் திரவம் என்று மொத்தமாக வாங்கி, டிரம்மிலும் கேனிலும் பிரித்து நிரப்பி, லாரியில் ஏற்றி அனுப்புகிற கம்பெனி. ஒவ்வொரு லாரியோடும் ஒரு சரக்குச் சீட்டு போகும். என்ன பொருள், அதற்கான நாலு இலக்க எண், எத்தனை டிரம், எவ்வளவு எடை எல்லாம் அதில் இருக்கும். அடியில் ஒரு கட்டம்: அவசரத் தொடர்புக்கான தொலைபேசி எண்.

அந்தக் கட்டத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போட முடியாது. அதற்கு விதி உண்டு. வண்டி கிளம்பியதிலிருந்து சரக்கு இறங்கும்வரை எந்நேரம் அடித்தாலும் ஒரு மனுஷர் எடுக்க வேண்டும். பதிவு செய்த குரல் எடுக்கக் கூடாது. திரும்பக் கூப்பிடுகிறோம் என்று சொல்லக் கூடாது. எடுக்கிறவருக்கு அந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், தெரிந்தவரை அந்த நிமிஷமே பேச வைக்க முடிய வேண்டும். டிரம் ஒழுகும்போது யாரும் நாளைக்கு என்று காத்திருக்க முடியாது அல்லவா.

கம்பெனி பல காலம் அதில் ஆபீஸ் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வழியில் ஒரு சோதனை அதிகாரி வண்டியை நிறுத்தினார். சீட்டைப் பார்த்தார். அந்த எண்ணை அடித்தார். வாட்ச்மேன் எடுத்தார்.

"ஆபீஸ் லீவுங்க."

"உங்க லாரியில அமிலம் ஒழுகினா என்ன பண்ணணும்?"

வாட்ச்மேன் நேர்மையான மனுஷர். கொஞ்சம் யோசித்து, "திங்கக்கிழமை ஒழுகினா நல்லதுங்க" என்றார்.

வண்டி அங்கேயே மூன்று நாள் நின்றது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். இனிமேல் யாருடைய எண்ணைப் போடுவது என்று கேட்டார். எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். அதில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அம்மாவுக்குக் காலிக் கட்டம் ஆகாது. வங்கிப் படிவத்தில் "வேறு விவரங்கள்" என்று இருந்தால்கூட "நலம்" என்று எழுதி வைப்பாள்.

"என் நம்பரைப் போடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம் அதே எண். ஒரு அழைப்புகூடத் தவறியதில்லை.

அம்மா பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். கம்பெனி கெமிஸ்டிடம் போய் பதினாறு பொருள்களுக்கும் பாதுகாப்புத் தாள்களை வாங்கி வந்தாள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு பக்கம். அதை எல்லாம் தன் பாஷையில் மாற்றி, பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி வீடு முழுக்க மாட்டினாள். சமையலறையில் நைட்ரிக், குளியலறைக் கதவில் காஸ்டிக், செருப்பு அடுக்கும் இடத்தில் ஃபார்மிக். நான் பல் தேய்த்துக்கொண்டே "கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் தண்ணீர்" என்று படித்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளி யாரும் இரண்டாம் முறை வரும்போது கைகழுவத் தனியாகப் போகமாட்டார்கள்.

பிறகு அந்த நாலு இலக்க எண்கள் மனுஷர்கள் மேல் ஏறின. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, 1090. அது அசிட்டோன். தூரத்தில் ஒரு பொறி தெரிந்தாலே பற்றிக்கொள்ளும். நான் 2014. ஹைட்ரஜன் பெராக்சைடு. சும்மா இருக்கிறவரை சாது, ஒரு தூசி விழுந்தால் பொங்கும். நான் கோபத்தில் கத்தும்போது அப்பா குறுக்கே வந்தால் அம்மா அவரைத் தடுப்பாள்: "மூடியை இறுக்காதீங்க. அவ பேசி முடிக்கட்டும்." அப்பாவுக்கு மட்டும் எண் கிடையாது. அவர் தையல்காரர், வீட்டு முன்னறைதான் கடை. அம்மாவின் போனில் அவர் பெயர் "விதிகளுக்கு உட்படாத சரக்கு" என்று இருந்தது; ஆபத்தில்லாத பொருளைச் சீட்டில் அப்படித்தான் குறிப்பார்கள்.

போன் அம்மாவை விட்டு ஒரு கை தூரத்துக்கு மேல் போகாது. குளிக்கப் போகும்போது மட்டும் அது அப்பாவிடமோ என்னிடமோ வரும். அப்படி வருமென்றால் எங்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. அதனால் அம்மா எங்களுக்குப் பரீட்சை வைத்தாள்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். எந்நேரம் என்று தெரியாது. ஆபீஸில் யாருடைய போனையாவது வாங்கி, குரலை மாற்றிக்கொண்டு எங்கள் போனுக்குக் கூப்பிடுவாள். ஒரு வாரம் லாரி டிரைவர், ஒரு வாரம் போலீஸ்காரர், ஒரு வாரம் காது கேட்காத பெட்டிக்கடைக்காரர். நாங்கள் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் நீல நோட்டில் மதிப்பெண் விழும். நான் பொறியியல் முடித்து அழுத்தமானிகள் பார்க்கும் வேலைக்குப் போன பிறகும் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

"ஏண்டி, ஒருத்தன் அமிலத்துல நின்னுக்கிட்டு இருக்கான். நீ அவனுக்கு அணு எப்படிப் பிரியுதுன்னு பாடம் எடுக்கறே."

"காரணம் தெரிஞ்சாத்தானே செய்வான்?"

"காரணத்தைக் கேக்க அவன் இருக்கணும். முதல்ல எங்க நிக்கிறான்னு கேளு. அப்புறம் காத்து. அப்புறம் உடம்புல பட்டுச்சான்னு. அப்புறம்தான் உன் சரக்கு."

அறுபத்தொன்று என்பதுதான் அந்த நோட்டின் உச்சம். அதை வாங்கியவர் அப்பா. அது நடந்த விதம் இது.

அன்று செவ்வாய்க்கிழமை. அம்மா உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தாள். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அப்பா மேஜையில் ஒரு கோட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"அவசர நம்பர், சொல்லுங்க."

"ஐயா, ஒரு டிரம் ஒழுகுது. புகை மஞ்சளா வருது."

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு, வேறு ஏதோ போனில் உள்ளிருந்தே பேசுகிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"குரல் பிரமாதம். போன வாரத்தைவிட நல்லா வந்திருக்கு."

"ஐயா?"

"சரி சரி, கேக்கறேன். எங்க நிக்கிறே?"

"டிரம்முக்குப் பக்கத்துலங்க."

"அது தப்பு. தள்ளிப் போ. காத்து முதுகுல படற மாதிரி நில்லு. சீட்டுல நம்பர் என்ன?"

"ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணுங்க. ஐயா, வண்டியில ஒரு மூட்டை மரத்தூள் கெடக்கு. அதைக் கொட்டி அடைச்சிடவா?"

அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "இதுல நான் மாட்டுவேன்னு நெனச்சியா? நைட்ரிக் மேல மரத்தூள் போட்டா பத்திக்கும். காஞ்ச மணல் போடணும். அதுவும் நீ போடக் கூடாது, முகமூடி போட்ட ஆளு போடணும். தீயணைப்புக்குச் சொல்லு. அடுத்த கேள்வி?"

"அடுத்த கேள்வியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. இருமல் வருது."

"அடடா, இருமல்கூட வச்சிருக்கியா!"

அப்போதுதான் அம்மா தலையில் துண்டோடு வெளியே வந்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். நான் பார்த்த மனுஷ முகங்களில் அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறிய முகம் வேறு கிடையாது. அம்மா போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, தள்ளிப் போயிட்டீங்களா? மரத்தூளைத் தொடலியே?"

"இல்லீங்கம்மா. ஐயா சொன்னாரு. ஆனா அவரு எதுக்கும்மா சிரிச்சாரு?"

டிரைவர் பிழைத்தார். வண்டியும் பிழைத்தது. அன்று சாயங்காலம் அம்மா நோட்டை எடுத்தாள். "பதில்ல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒழுகற ஆளைப் பாராட்டக் கூடாது." அறுபத்தொன்று. அப்பா அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சிவப்புத் துணியை அடையாளமாக வைத்துவிட்டார். அது இன்னும் இருக்கிறது.

பத்தொன்பது வருஷத்தில் உண்மையான அழைப்பு பதினொன்றுதான். மீதியெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியவை. அந்த மண்டபத்தின் எண்ணுக்கும் அம்மாவின் எண்ணுக்கும் கடைசி இலக்கம்தான் வித்தியாசம்.

"அவசர நம்பர். யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இல்லீங்க, கல்யாணம் அடுத்த மாசம்தான்."

அம்மா கோபப்பட மாட்டாள். சரியான எண்ணைச் சொல்லி, மண்டபத்தில் மின்விசிறி சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கச் சொல்லி வைப்பாள். அவளைப் பொறுத்தவரை கூப்பிட்டவர் யாரானாலும் பாதுகாப்பாகப் போய்ச் சேர வேண்டும்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

மருத்துவமனையிலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடம் முழுக்க நாற்காலி. போன் என் மடியில். முதல் அழைப்பு, ஆட்கள் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தபோது வந்தது. நான் இரண்டாவது மணிக்குள் எடுத்தேன். "அவசர நம்பர், சொல்லுங்க" என்றேன். கூடம் சட்டென்று அடங்கியது. அழுதவர்கள்கூட என்ன ஒழுகுகிறது என்று கேட்பதற்காக நிறுத்தினார்கள்.

மண்டபம்தான்.

அத்தைக்குப் பற்றிக்கொண்டது. "ஏண்டி, பெத்தவளைக் கூடத்துல வச்சிக்கிட்டு இது என்னடி வேலை? அந்தச் சனியனை அணைச்சு வச்சா என்ன குடி முழுகிடும்?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா தலையைத் தூக்கினார்.

"அக்கா, மூணு வண்டி ரோட்டுல இருக்கு."

"இருந்தா?"

"அந்தச் சீட்டுல இவ நம்பர்தான் இருக்கு."

அத்தையே எழுந்து வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தாள்: "மெதுவா அழுங்க. போன் வரும்."

மறுநாள் முதலாளி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இனிமே கெளம்பற வண்டிக்கெல்லாம் வேற ஏற்பாடு பண்ணிட்டோம்மா. இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வச்சுப் பேசற ஒரு சேவை இருக்கு, அவங்க நம்பர். ஆனா ஏற்கனவே போன மூணும்..."

"சீட்டை மாத்த முடியாதா?"

"நடு வழியில யாரும்மா மாத்தறது? இந்த நம்பரை என் போனுக்குத் திருப்பி விடலாம்னா, எனக்கு..." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சரக்கு என்ன நிறம்னுகூடத் தெரியாதும்மா. உங்கம்மா இருக்காங்கன்னு நான் கத்துக்கவே இல்ல."

"கெமிஸ்ட்?"

"அவருக்குத் தெரியும். ஆனா போனைக் கண்டா உளறுவாரு."

நான் வேலைக்கு விடுமுறை எழுதிப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் "மூன்று லாரிகள்" என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, "தாயார் மரணம்" என்று எழுதினேன்.

முதல் வண்டி மூன்றாம் நாள் இறங்கியது. இரண்டாவது ஐந்தாம் நாள். நோட்டில் அம்மா செய்கிற மாதிரியே குறுக்குக் கோடு போட்டேன். மூன்றாவது வண்டி வழியில் ஒரு பாலம் பழுது என்று சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தது 2014. நான்.

பத்தொன்பது வருஷம் தவறாத எண். இன்னும் ஒரே ஒரு வண்டி. அது இறங்குகிறவரை தவறவிடாமல் இருந்தால் அம்மாவின் கணக்கு சுத்தமாக முடியும். தவறினால் அது என் கையில் தவறும். அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அழக்கூட நேரம் பார்த்துத்தான் அழுதேன். மூக்கடைத்துக்கொண்டால் பேச்சு புரியாது என்று அதையும் குறைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலை பத்தரைக்கு, தெரியாத எண்ணிலிருந்து போன்.

"அவசர நம்பர், சொல்லுங்க."

"நான் லாரி டிரைவர் பேசுறேன்" என்றது ஒரு கரகரத்த குரல்.

எந்த லாரி டிரைவரும் தன்னை லாரி டிரைவர் என்று சொல்லிக்கொண்டு ஆரம்பிக்க மாட்டார். முன்னறையை எட்டிப் பார்த்தேன். தையல் மேஜை காலி. ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்ப் பக்கத்துச் சைக்கிள் கடை வாசலில் அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சைக்கிள் கடைக்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் போன் என்ன பாடுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டிரைவர்."

"காஸ்டிக் கொட்டிடுச்சு. என்ன பண்றது?"

வேகமாகப் பேசினேன். காஸ்டிக் என்றால் காரம், தோலில் இருக்கிற கொழுப்பைச் சோப்பாக்கிவிடும், அதனால்தான் வழுக்கும், தண்ணீர் பட்டால் சூடாகும் என்று ஆரம்பித்தேன்.

"நான் எங்க நிக்கறேன்னு நீ கேக்கவே இல்லையே பாப்பா" என்றது குரல். கரகரப்பு போய்விட்டிருந்தது.

"சைக்கிள் கடை வாசல்லப்பா."

அப்பா திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் நான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் யாரும் வைக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர்தான் பொறுமை இழந்து கையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அப்பா நோட்டைத் திறந்தார். முப்பத்திரண்டு என்று எழுதினார்.

"நாப்பது போடலாம்ல?"

"அவ கொடுத்ததே முப்பத்தஞ்சு. நான் அதுக்கு மேல எப்படிக் கொடுப்பேன்?"

எட்டாம் நாள், மத்தியானம். அப்பா மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புதிய எண்.

"அவசர நம்பர்தானேம்மா இது? கேன் ஒழுகுதும்மா."

குரல் கரகரப்பாகத்தான் இருந்தது. இப்போது அப்பா நன்றாகத் தேறிவிட்டார் என்று நினைத்தேன். பாராட்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து முன்னறையைப் பார்த்தேன். அப்பா மெஷின் முன்னால் இருந்தார். உதட்டில் வரிசையாக நாலு குண்டூசி. நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு யாரும் போனில் பேச முடியாது.

நீல நோட்டை எடுத்துத் திறந்தேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும்போது வெளிவருகிற ஆக்சிஜன் என்று என் மூளை பாடத்தை ஆரம்பித்தது. அதை அப்படியே விழுங்கினேன்.

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"கேன் பக்கத்துலதாம்மா. லாரி மேல."

"எறங்குங்க. இருபது அடி தள்ளி வாங்க. காத்து எப்படி அடிக்குது?"

"வண்டிப் பக்கமிருந்து மூஞ்சியில அடிக்குதும்மா."

"அப்போ சுத்திப் போய் அந்தப் பக்கம் நில்லுங்க. காத்து உங்க முதுகுல படணும். நின்னுட்டுச் சொல்லுங்க."

மூச்சு வாங்கும் சத்தம். செருப்புச் சத்தம். "நின்னுட்டேன்."

"உடம்புல பட்டுச்சா?"

"கைவிரல் வெள்ளையாயிடுச்சும்மா. மாவு தடவின மாதிரி. சுருக்குன்னுது."

"கண்ணுல?"

"இல்ல."

"தண்ணி இருக்கா?"

"வண்டி கழுவுற எடத்துலதாம்மா நிறுத்தியிருக்கேன். ஹோஸ் இருக்கு."

"போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கையைக் கழுவுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும். எந்த இடம் அது?"

பாலத்துச் சுற்றுவழி, இரண்டு பெட்ரோல் பங்க் எதிரெதிராக இருக்கும் இடம் என்றார். அதற்குள் அப்பா குண்டூசிகளைத் துப்பிவிட்டு என் பக்கத்தில் வந்துவிட்டார். நீல நோட்டின் பின்பக்கத்தில் அம்மா ஒவ்வொரு வழியிலும் உள்ள தீயணைப்பு நிலையங்களின் எண்களை எழுதி வைத்திருந்தாள். சுற்றுவழிக்கும் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பாலம் எப்படியும் ஒருநாள் பழுதாகும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்பா தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"சீட்டுல நாலு இலக்க நம்பர் என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு, பூஜ்யம், ஒண்ணு, நாலு."

"ஒழுகற கேனை என்ன பண்ணீங்க?"

"பள்ளத்துல வண்டி குலுங்கிச் சாஞ்சிருச்சும்மா. மூடியில ஒரு பொத்தல் இருக்கு, அது வழியாத்தான் வருது. சாக்கு வச்சு அமுக்கியிருக்கேன். டேப் இருக்கு. போய் மூடியை இறுக்கிச் சுத்திடறேன்."

"சுத்தாதீங்க! அந்தப் பொத்தல் வேணும்னே வச்சது. உள்ள காத்து சேரும், வெளிய விடணும். அடைச்சா வெடிக்கும். மூடியை இறுக்காதீங்க."

சொல்லி முடித்ததும்தான் யாருடைய வாக்கியத்தைச் சொன்னேன் என்று புரிந்தது. நினைக்க நேரம் இல்லை.

"சாக்கும்மா?"

"அது காயக் கூடாது. காஞ்சா தானா பத்திக்கும். கிட்டப் போகாம, நிக்கிற இடத்துலேர்ந்தே ஹோஸைத் திருப்பி சாக்கு மேல தண்ணி பீச்சுங்க. நெறைய. நிறுத்தாதீங்க. அங்க யாரும் பீடி சிகரெட் பிடிக்கலியே?"

"நான்தான் பத்த வைக்கலாம்னு எடுத்தேன்."

"உள்ள வைங்க."

"வச்சுட்டேன்."

பதினான்கு நிமிஷம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் இன்னொரு அழைப்பு வந்து காத்திருந்தது; பின்னால் கூப்பிட்டுக் கேட்டால், மண்டபம்தான். பிறகு சைரன் கேட்டது. பல குரல்கள். முகக்கவசம் போட்டவர்கள் ஏறி, கேனை நிமிர்த்தி, சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள் என்று டிரைவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். விரலுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றார்.

"நான் முன்னாடி ஒரு தடவை பேசின அம்மா நீங்க இல்லையேம்மா?"

"அவங்க பொண்ணு."

"அவங்க எங்கம்மா?"

"போன வாரம் இறந்துட்டாங்க."

தண்ணீர் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறமும் நீங்க போனை எடுக்கறீங்களாம்மா?"

"வண்டி ரோட்டுல இருக்குல்ல" என்றேன்.

பத்தாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டார். "எறக்கியாச்சும்மா. எல்லாக் கேனும் நிமிந்துதான் நிக்குது." நான் நோட்டில் மூன்றாவது வண்டிக்குக் குறுக்குக் கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை. அப்பா அளவுகோல் கொடுத்தார். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதன் பிறகு உட்கார்ந்து அழுதேன். மூக்கு அடைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. இனி என் பேச்சு யாருக்கும் புரிய வேண்டிய அவசியம் இல்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குறுக்கே ஒன்றும் பேசவில்லை.

நான் முடித்த பிறகு அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த அழைப்பைப் பற்றி நான் எழுதி வைத்ததை இரண்டு தடவை படித்தார். பென்சிலைக் கூர் பார்த்தார். ஓரத்தில் அறுபது என்று எழுதினார்.

எனக்குப் பொங்கியது. "அறுபதா? எதுலப்பா குறை?"

"டிரைவர் பேரு கேக்கல நீ."

நோட்டைப் பார்த்தேன். கேட்கவில்லைதான். டிரைவர் பெயர் என்று அம்மா கோடு போட்டு வைத்திருந்த கட்டம் காலியாக இருந்தது.

"அதுக்கு நாப்பது மார்க்கா?"

"அதுக்கு முப்பத்தொம்பது" என்றார் அப்பா. சிவப்புத் துணி வைத்திருந்த பக்கத்தைப் புரட்டி, அங்கே இருந்த அறுபத்தொன்றை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "மிச்சம் ஒண்ணு, என்னைத் தாண்டக் கூடாதுன்னு."

நான் போனை எடுத்து அந்த டிரைவரைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டேன்.